கை சரியில்லை

"நான் அப்படி ஒண்ணும் சொல்லல—"

"அப்ப சும்மாவா அவுங்க—"

"சொல்லலன்னா சொல்லல லா! மரியாதயாதான் பேசுனேன். மேடம், பிளீஸ்னு—"

"மரியாதயா பேசுனதுக்கா அம்மா பேர லிஸ்டுலேந்து எடுத்திருக்காங்க? அந்த ரிசப்ஷன் பொண்ணு போன்ல என்கிட்ட சொல்லுது, 'உங்கப்பாவையே கேளு, அவர் சொன்னது அவருக்குத் தெரியும்'னு. எனக்கு மூஞ்சிய எங்க வெச்சுக்கறதுன்னு—"

"நீ மொதல்ல கத்தாம பேசு."

"நீங்கதான்ப்பா கத்துறீங்க!"

தாம் கத்துகிறோம் என்பது நல்லசாமிக்கு என்றைக்குமே தெரிந்ததில்லை. ஒனஹங்கா பக்கம் அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் மேற்பார்வை வேலை. ஈப்போவில் பழகிய வாயில் அதை 'மண்டோர் வேலை' என்றுதான் சொல்லுவார். எந்திரச் சத்தத்துக்கு மேலே குரலை ஏற்றி ஏற்றி, வீட்டில் உப்பு கேட்டாலும் பக்கத்து வீட்டு நாய் எழுந்து நிற்கும். வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் அடுப்பங்கரை வாசலில் நின்றிருந்தார். மகள் சுபாஷினி காப்புறுதி அலுவலகத்திலிருந்து வந்த கோலத்தில், மழைக்கோட்டோடு, எதிரே. கோட்டிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

இருவருக்கும் நடுவே, மேசையில், ரதிதேவி கறிப்பாப்புக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். மறுநாள் சனிக்கிழமை. ஹில்ஸ்பரோ மேட்டில் ஒன்றும் கீழே ஒன்றுமாக டெய்ரி என்று இங்கே சொல்லும் இரண்டு மூலைக்கடைகளுக்கு விடிந்ததும் சுடச்சுடக் கொடுத்தாக வேண்டும். உள்ளே வைத்துப் பொரிக்க, உருளைக்கிழங்கும் நெத்திலியும் போட்ட மசாலா ஒரு பக்கம் ஆறிக்கொண்டிருந்தது. தன்னைப் பற்றித்தான் சண்டை என்பது போலவே அவள் இருக்கவில்லை. உள்ளங்கையின் அடிப்பாகத்தால் மாவை அழுத்துவதும் மடிப்பதும் திருப்புவதுமாக இருந்தாள்.

மத்தியானம் கிளினிக்கிலிருந்து வந்த கடுதாசியில் காரணம் எதுவும் இல்லை. ரதிதேவிக்கும் கிளினிக்குக்கும் இடையில் நம்பிக்கை முறிந்துவிட்டது, இனி அவள் அங்கே நோயாளி இல்லை, வேறு டாக்டரைப் பார்த்துக்கொள்ளட்டும். அவ்வளவுதான். கீழே ஒரு கிறுக்கல் கையெழுத்து.

மற்றவர்களுக்கென்றால் போனால் போகட்டும் என்று விட்டிருக்கலாம். ரதிதேவிக்கு நெஞ்சுக்குள் செயற்கை வால்வு ஓடுகிறது. அமைதியான அறையில் பக்கத்தில் உட்கார்ந்தால் கைக்கடிகாரம் மாதிரி சத்தம் கேட்கும். ரத்தம் கட்டாமல் இருக்க தினமும் மாத்திரை. மாத்திரை கூடினால் உள்ளே எங்கேயாவது ரத்தம் கசியும். குறைந்தால் வால்வில் கட்டிக்கொள்ளும். அதனால் வாராவாரம் ரத்தம் எடுத்துப் பார்த்து, இந்த வாரம் எத்தனை என்று கிளினிக்கிலிருந்து நர்ஸ் போன் பண்ணிச் சொல்லவேண்டும். இந்த வாரம் போன் வரவில்லை.

"சரி, இப்ப சொல்லுங்க. போன்ல என்னதான் சொன்னீங்க?"

"ஒங்கம்மா சொன்னதத்தான் சொன்னேன். ஒரு தடவயா சொன்னா? திரும்பத் திரும்ப. 'அந்தச் சின்ன டாக்டர் கை சரியில்லங்க, நான் அங்க போக மாட்டேன்'னு. நான் என்னா பண்றது? கைராசி இல்லாத ஆளுகிட்ட பொண்டாட்டிய அனுப்பறதா? பெரிய டாக்டரு கைராசிக்காரர் லா. நெஞ்சுல கொழாய வெச்ச ஒடனே வால்வு ஒழுகுதுன்னு கண்டுபுடிச்சது யாரு? அவருதானே? இந்தச் சின்னவன் வந்ததுலேந்து இவளுக்கு ஒடம்பே ஆகல."

"இத இங்கிலீஷ்ல எப்படிச் சொன்னீங்க? அப்படியே சொல்லுங்க."

நல்லசாமி தொண்டையைச் செருமிக்கொண்டார். மேடையில் நிற்பவர் போல நிமிர்ந்தார்.

"மை வைஃப் டோண்ட் வாண்ட் நியூ டாக்டர். ஹிஸ் ஹேண்ட் நோ குட். ஓல்ட் டாக்டர் ஹேண்ட் வெரி குட். மை வைஃப் லைக் ஓல்ட் டாக்டர் ஹேண்ட்."

சுபாஷினி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"அதுக்கு அவ என்ன கேட்டா?"

"டாக்டர் கையால ஏதாச்சும் பண்ணாரான்னு கேட்டுச்சு. எஸ்னேன். பண்ணாருதானே? ஊசி குத்துனாரு, நெஞ்ச தொட்டுப் பாத்தாரு. அன்னைலேந்து ஒங்கம்மா ஒழுங்கா சோறு திங்கலன்னும் சொன்னேன். மறைக்கறதுக்கு என்னா இருக்கு?"

சுபாஷினி அம்மாவைப் பார்த்தாள். பிறகு தமிழை விட்டுவிட்டு, இங்கிலீஷில் வேகமாக நாலு வாக்கியம் சொன்னாள். அம்மா முன்னால் தமிழில் வாய்க்கு வராதது இங்கிலீஷில் வந்தது. கேட்கக் கேட்க நல்லசாமியின் முகம் கறுத்தது, அப்புறம் சிவந்தது.

"சீ! அப்படியா எடுத்துக்கிட்டாங்க?"

"வேற எப்படி எடுத்துக்குவாங்க?"

"அட கடவுளே. கைராசிக்கு இங்கிலீஷ்ல என்னா லா?"

"இல்லப்பா. அப்படி ஒரு வார்த்தையே அவுங்ககிட்ட இல்ல."

நல்லசாமி சுவரில் சாய்ந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தார். முதலில் மூக்கால், பிறகு வயிறு குலுங்க. சுபாஷினியும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். காரணம் தெரியாத கோபத்துக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. போய்ச் சொன்னால் தீர்ந்தது.

"வேற டாக்டர் பாத்துக்கலாம்," என்றாள் ரதிதேவி.

மாவைப் பார்த்துத்தான் சொன்னாள். சிரிப்புச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

வேறு டாக்டர் கிடைப்பது லேசாக இல்லை. திங்களும் செவ்வாயும் சுபாஷினி மதிய உணவு நேரத்தில் அலுவலகத்திலிருந்து போன் பண்ணிப் பார்த்தாள். பிளாக்ஹவுஸ் பேயில் ஒருவர் புது ஆள் எடுப்பதில்லை என்றார். இன்னொரு இடத்தில் எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்து, கடைசியில், முன்னால் பார்த்த டாக்டர் ஏன் நிறுத்தினார் என்று கேட்டார்கள். அவள் தயங்கியது அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

மனுகாவ் கழிமுகத்திலிருந்து அந்த வாரம் முழுக்க மேல்காற்று. மழை நேராக விழாமல் படுக்கையாக அடித்தது. தண்ணீர் வற்றும் நேரத்தில் சேற்று நாற்றம் மேடேறி வந்து ஜன்னல் இடுக்குகளில் நுழைந்தது. வீட்டுக்குள் கண்ணாடிகளெல்லாம் வேர்த்து, காயாத துணி ஹீட்டர் முன்னால் தொங்கியது. ரதிதேவியின் முன்கையில் அடுப்பு விளிம்பு லேசாக இடித்த இடம், மறுநாள் கத்தரிக்காய் நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் படர்ந்திருந்தது. பல் விளக்கினால் கழுவுதொட்டியில் சிவப்பு. அவள் யாருக்கும் காட்டாமல் குழாயைத் திறந்துவிட்டாள்.

கண்டுபிடித்தது பக்கத்து வீட்டுப் புஷ்பவதி. யாழ்ப்பாணத்துக்காரி, முதியோர் இல்லத்தில் வேலை. மற்றவர்களின் தோலைப் பார்த்துப் பார்த்தே கண் பழகியவள். தேங்காய்த் துருவல் கேட்டு வந்தவள், ரதிதேவி டப்பாவை எட்டி எடுக்கும்போது சட்டைக் கை விலகியதைப் பார்த்துவிட்டாள்.

"என்ன பிள்ளை இது? கையைக் காட்டும்."

"ஒண்ணுமில்லக்கா. இடிச்சுக்கிட்டேன்."

"இடிச்சதுக்கு இப்பிடிக் கண்டுமே? குளிசை கூடிப் போச்சுது உமக்கு. ஆர் அளவு சொன்னது?"

"யாரும் சொல்லல. போன தடவ சொன்னதயே போட்டுகிட்டு இருக்கேன்."

"கடவுளே! ரத்தம் பாக்காமலோ? இது விளையாட்டில்லை ரதி. எங்கட இடத்தில ஒரு மனுசன், ராத்திரி நல்லாக் கதைச்சுப்போட்டுப் படுத்தவர்..." புஷ்பவதி சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டாள். "பக்குரங்காவில ஒரு பொம்பிளை டொக்டர் இருக்கிறா. எங்கட தங்கச்சி போறவ. நான் சொன்னால் எடுப்பா. ஒரு கேள்வியும் கேக்கமாட்டா."

ரதிதேவி சட்டென்று திரும்பினாள். "பொம்பள டாக்டரா?"

"ஓம். தங்கமான பிள்ளை."

"நான் போறேன்க்கா."

"பக்குரங்கா எண்டால் இந்தா இருக்கிற இடமே? எப்பிடிப் போவீர்?"

"பஸ்ஸு மாறி மாறிப் போயிடுவேன். டவுனுக்குப் போயி, அங்கேந்து... விசாரிச்சுக்குவேன்."

தனியாகப் பஸ் ஏறி டவுனுக்குக்கூடப் போகாதவள் இப்படிச் சொன்னது புஷ்பவதிக்குப் புதிதாக இருந்தது. தேங்காய்த் துருவல் கிண்ணத்தை மேசையில் திரும்ப வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"ரதி, நான் ஒண்டு கேக்கிறன், குறை நினைக்காதேயும். பழைய இடத்துக்குத் திரும்பிப் போக உமக்கு விருப்பமோ எண்டு இந்த வீட்டில ஆரும் கேட்டவையே?"

"கேட்டா என்னாக்கா சொல்றது?" ரதிதேவி சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். "டீ போடவா? பசியாறிட்டீங்களா?"

புஷ்பவதி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் வாசலில் காரின் சத்தம், கதவு அறைபட்ட சத்தம், நல்லசாமியின் குரல்.

பக்குரங்கா யோசனையை நல்லசாமி நின்றவாக்கிலேயே வெட்டிவிட்டார்.

"பக்குரங்காவா? யாரு காடி ஓட்டறது? நான் வேலைய விட்டுட்டு வாரா வாரம் அங்க போக முடியுமா? இவ பஸ்ல போறாளாம்! நடு ரோட்டுல மயக்கம் வந்து விழுந்தா? நாம என்னா தப்பு பண்ணிட்டோம்னு ஓடிப்போகணும்? ஓடுனா, ஆமா தப்புதான்னு ஆயிடும்லா. போயி உண்மைய சொல்லுவோம். சுபா பேசட்டும். அவ இங்கிலீஷுக்கு எவன் நிப்பான்?"

"நல்லசாமி அண்ணை, ரதிக்கு எது சரியெண்டு..."

"அவளுக்கு ரோஷம்க்கா. லிஸ்டுலேந்து எடுத்துட்டாங்கன்னு ரோஷம். ரெண்டு நாள்ல சரியாயிடும்."

ரதிதேவி தேநீரை ஆற்றி அவர் முன்னால் வைத்தாள். வெளியே தலைக்கு மேலே விமானம் ஒன்று மிகத் தாழ்வாகப் போயிற்று.

சுபாஷினி விடாமல் போன் பண்ணி, இரண்டு தடவை கடுதாசி எழுதி, கடைசியில் மேலே புகார் பண்ணவேண்டி வரும் என்றுகூடச் சொல்லி, கிளினிக் மேனேஜரோடு வியாழக்கிழமைக்கு ஒரு சந்திப்பு வாங்கிவிட்டாள். அப்பா வரவேண்டாம் என்றாள். "நீங்க வாயத் தொறந்தீங்கன்னா இந்தத் தடவ போலீஸ்தான் வரும்." நல்லசாமி சிரித்தார். காரில் உட்கார்ந்து காத்திருப்பதாக ஒத்துக்கொண்டார்.

போகிற வழியில் ரதிதேவி ஒரே ஒரு தடவைதான் பேசினாள்.

"கட்டாயம் அங்கதான் போகணுமா, சுபா?"

"அம்மா, பயப்படாதீங்க. நம்ம மேல தப்பே இல்ல. நான் பேசிக்கறேன்."

கிளினிக்கில் ஈரக் கோட்டுகளின் வாடையும் மருந்து வாடையும். இருமிக்கொண்டிருந்த குழந்தை ஒன்று இவர்களைப் பார்த்து இருமலை நிறுத்தியது. ரிசப்ஷன் பெண் ரதிதேவியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. வேறு என்னவோ இருந்தது. எழுந்து வந்து, தண்ணீர் வேண்டுமா என்று மெதுவாகக் கேட்டாள். ரதிதேவி வேண்டாம் என்று தலையாட்டினாள்.

மேனேஜர் அம்மாளுக்கு நரைத்த குட்டை முடி; கழுத்தில் சங்கிலியோடு தொங்கும் மூக்குக்கண்ணாடி. கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். சுபாஷினி அலுவலகத்தில் பேசுகிற இங்கிலீஷில் ஆரம்பித்தாள். எங்கள் மொழியில் ஒரு வார்த்தை இருக்கிறது என்றாள். சில பேர் தொட்டால் நோய் குணமாகும், சில பேர் தொட்டால் ஆகாது. அது அவர்களுடைய நல்ல குணம், கெட்ட குணம் பற்றியது அல்ல, ஒரு மாதிரி அதிர்ஷ்டம். எங்கள் ஆட்கள் டாக்டரைப் பற்றிச் சொல்வார்கள், செடி நடுகிறவரைப் பற்றிச் சொல்வார்கள், கடையில் முதல் வியாபாரம் பண்ணுகிறவரைப் பற்றிக்கூடச் சொல்வார்கள். என் அப்பா அதைத்தான் சொன்னார். ஆனால் பாதி வார்த்தையைத்தான் இங்கிலீஷில் சொன்னார்.

மேனேஜர் அம்மாள் கண்ணாடியைப் போட்டாள், கழற்றினாள். மெல்ல அவள் தோள்கள் இறங்கின. நாங்கள் எவ்வளவு கலங்கிப்போனோம் தெரியுமா என்றாள். இளம் டாக்டர் தூக்கமில்லாமல் போனார், அவருக்கு வேலையே போயிருக்கும். விசாரணை என்று கிளம்பினால் எல்லோருக்கும் அசிங்கம், அதனால்தான் பேசாமல் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது நல்லது என்று நினைத்தோம்.

சுபாஷினி தலையாட்டினாள். புரிகிறது என்றாள். மன்னிப்பும் கேட்டாள்.

"ஆனாலும்," என்றாள் மேனேஜர் அம்மாள், "நான் உன் அம்மாவிடமே கேட்டாக வேண்டும். அவருடைய வாயால் வரவேண்டும்." ரதிதேவியின் பக்கம் திரும்பி, சொற்களை நிறுத்தி நிறுத்தி, டாக்டர் எப்போதாவது உங்களுக்குப் பிடிக்காத விதத்தில் உங்களைத் தொட்டாரா என்று கேட்டாள். பிறகு சுபாஷினியிடம், "அப்படியே அவருக்குச் சொல்," என்றாள்.

சுபாஷினி அம்மாவின் பக்கம் திரும்பினாள். அந்தக் கேள்விக்குத் தமிழில் என்னென்ன சொல் வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொன்றாக நாக்கின் நுனிவரை வந்தது. வயசுக்கு வந்தபோதுகூட இந்த அம்மாவும் இந்த மகளும் அப்படிப்பட்ட சொல் ஒன்றையும் பேசிக்கொண்டவர்கள் இல்லை. ஜன்னலில் மழை தட்டியது. மேனேஜர் அம்மாள் காத்திருந்தாள்.

"அம்மா," என்றாள் சுபாஷினி, "அந்த டாக்டர் மேல ஒங்களுக்குக் கோவம் ஒண்ணும் இல்லதானே?"

ரதிதேவி மகளின் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி இருந்தது.

"இதான் கேட்டாங்களா?"

"ஆமாம்மா. இது மாதிரிதான்."

"கோவம் இல்ல."

"நோ," என்றாள் சுபாஷினி மேனேஜர் அம்மாளிடம். "அப்படி எதுவும் இல்லை என்கிறார்."

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. தவறான புரிதல், புகார் ஏதும் இல்லை என்று ஒரு தாளில் எழுதி, சுபாஷினி கையெழுத்துப் போட்டாள். அம்மாவும் போட்டால் நல்லது என்றார்கள். ரதிதேவி பேனாவை வாங்கி, தமிழில், ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள். மேனேஜர் அம்மாள் எழுந்துபோய், கையோடு இளம் டாக்டரை அழைத்து வந்தாள்.

ஆள் பார்க்க நல்லவர் மாதிரிதான் இருந்தார். சுத்தமாகச் சவரம் பண்ணிய முகம், வெளிர் நீலச் சட்டை. மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை என்றார். அந்த வார்த்தையைத் தானும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சிரித்தார். கையை நீட்டினார். ரதிதேவியின் இரண்டு கைகளும் மடியில் கைப்பையின் வாரைச் சுற்றிப் பிடித்திருந்தன. நீட்டிய கை அந்தரத்தில் நிற்கவே, சுபாஷினி எழுந்து அதைப் பிடித்துக் குலுக்கினாள்.

பெரிய டாக்டர் இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறார் என்றாள் மேனேஜர் அம்மாள். இருதய நோயாளியை ஒரே டாக்டர் தொடர்ந்து பார்ப்பதுதான் நல்லது. ஆகவே இனி எல்லாமே இவர்தான். ரத்தம் இன்றைக்கே எடுத்துவிடலாம். நெஞ்சை நன்றாகப் பார்க்க செவ்வாய்க்கிழமை வரட்டும், மற்ற ஆட்கள் இல்லாத நேரமாக, அவசரமில்லாமல்.

"தாங்க் யூ," என்றாள் சுபாஷினி. "தாங்க் யூ சோ மச்."

வெளியே வரும்போது ரிசப்ஷன் பெண் நிமிர்ந்து பார்த்தாள். சுபாஷினி வெற்றிச் சிரிப்போடு கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

சாயங்காலம் நர்ஸின் போன் வந்தது. மாத்திரை ரொம்பவும் கூடிப்போயிருந்தது. இரண்டு நாள் நிறுத்திவிட்டு, பிறகு பாதி. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று நர்ஸ் இழுத்தாள். கேட்டுக்கொண்டிருந்த நல்லசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. போனை வைத்த கையோடு மகளின் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"என் மவ இல்லன்னா இன்னிக்கு இவ இல்ல லா."

அப்புறம் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. கூடத்தில் நின்றுகொண்டு ஒவ்வொருவராகப் போன் பண்ணினார். மறுநாள் கடைகளுக்குக் கொடுக்க அடுப்பங்கரையில் தாயும் மகளும் கறிப்பாப் மடித்துக்கொண்டிருந்தார்கள். சுபாஷினி வட்டத்தில் மசாலாவை வைத்துக் கொடுக்க, ரதிதேவி பாதியாக மடித்து, ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திக் கயிறு முறுக்கிய மாதிரி பின்னிக்கொண்டே வந்தாள். எண்ணெய் காய ஆரம்பித்திருந்தது. மழை விட்டிருந்தது; காற்று மட்டும் கூரைத் தகரத்தை எங்கேயோ ஒரு மூலையில் தூக்கித் தூக்கிப் போட்டது.

"செவ்வாக்கெழம எனக்கு லீவு கெடைக்காதும்மா. அப்பா கொண்டுபோயி விட்டுட்டு வேலைக்குப் போயிடுவாரு. முடிஞ்சதும் போன் பண்ணுங்க. இப்பத்தான் எல்லாரும் தெரிஞ்சவங்களாயிட்டாங்களே, பயமில்ல."

ரதிதேவி ஒன்றை மடித்து முடித்துத் தட்டில் வைத்தாள்.

கூடத்திலிருந்து நல்லசாமியின் குரல் வீடு முழுக்கக் கேட்டது. "ஹிஸ் ஹேண்ட் நோ குட்னுட்டேன் லா! அவன் பயந்தே போயிட்டான்! கைராசிக்கு வெள்ளக்காரன்கிட்ட வார்த்தையே இல்லயாம்!" சுபாஷினிக்குச் சிரிப்பு வந்தது. மாவுக் கையோடு முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டாள்.

"சுபா."

"ம்?"

"ஒங்கப்பாகிட்ட நான் ராசின்னு சொல்லவே இல்ல. கைன்னு மட்டுந்தான் சொன்னேன்."